மாசி ஒண்ணுதான், பட்டம் நாலு



போன வருசம் தை கடைசியில எங்க அக்காவுக்கு ஒரு கூடை நாற்று கொடுத்து அனுப்பினேன். தக்காளி, கத்தரி, அவரை. அக்கா இருக்கறது கேத்திப் பள்ளத்தாக்குல. மாமாவுக்கு அங்க தேயிலை ஃபேக்டரியில வேலை. நாங்க மலைக்குக் கீழ, மேட்டுப்பாளையம் பக்கம். பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல அக்கா வீடு. எங்க தோட்டத்துல தைப்பட்டம் நல்லா எடுத்திருந்தது. அதே நாற்று அங்கயும் வரும்னு நினைச்சுட்டேன்.

எட்டாம் நாள் போன் வந்தது. "தம்பி, நீ குடுத்த நாத்து பூரா சுடுதண்ணி ஊத்துனாப்பல கருகிக் கெடக்குதுடா."

ராத்திரி உறைபனி விழுந்திருக்கு. பக்கத்து வீட்டுப் படகர் பாட்டி வந்து பார்த்துட்டு, "பனி இன்னும் போகலையே, அதுக்குள்ள தக்காளிக்கு என்ன அவசரம்?"னு கேட்டாங்களாம்.

இதோட விட்டிருந்தாக்கூட பரவாயில்லை. பங்குனியில அக்கா வீட்டுக்குப் போனப்ப, முட்டைக்கோஸ் அவ்வளவு அழகா இருந்தது. முப்பது நாற்று வாங்கிட்டு வந்து எங்க பொடக்காலியில, அதாவது வீட்டுக்குப் பின்பக்கம் நட்டேன். சித்திரை வெயிலுக்கு இலை மட்டும் யானைக்காது மாதிரி விரிஞ்சுது. ஒண்ணுகூட உருண்டு காய் பிடிக்கலை. இலையையும் புழு சல்லடையாக்கிடுச்சு. கடைசியில அம்மா அறுத்து எருமைக்குப் போட்டாங்க.

மேல கொண்டுபோனது பனியில போச்சு, கீழ கொண்டுவந்தது வெயில்ல போச்சு. நம்ம முட்டாள்தனந்தான். ஆனா அப்புறம் இந்த மலையோட தோட்டக் கதையைத் தேடிப் படிச்சப்ப ஒரு ஆறுதல் கிடைச்சுது. இருநூறு வருசத்துக்கு முன்னால இங்க வந்த வெள்ளைக்காரங்களும் இதே பாடத்தைத்தான் நட்டு நட்டுப் படிச்சிருக்காங்க. அந்தப் பாடம் இன்னிக்கும் மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் ரோட்டோரமா நாலு தோட்டமா நிக்குது. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

மலைக்கு ஏறிய விதை

1819 ஜனவரியில கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். அதுக்கு முந்தின வருசமே அவரோட உதவியாளர்கள் ரெண்டு பேர் போய்ப் பார்த்துட்டு, கீழ வெயில் கொளுத்தறப்ப மேல போர்வை கேக்குதுன்னு சொல்லியிருந்தாங்க. சல்லிவனுக்கு மலை பிடிச்சுப் போச்சு. கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில முதல் பங்களா கட்டினார். அப்புறம் 1822-ல ஊட்டியில கல் பங்களா வேலையை ஆரம்பிச்சார். அந்தக் கட்டடம் இன்னிக்கு அரசுக் கலைக்கல்லூரி வளாகத்துல இருக்குது.

அவர் வெறும் வீடு மட்டும் கட்டலை. வீட்டைச் சுத்தித் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப், முள்ளங்கி, ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள், பீச் எல்லாம் கப்பல்ல வந்த விதை, வந்த கன்று. நம்ம ஊருக்காரங்க ரொம்ப நாளைக்கு இதையெல்லாம் 'இங்கிலீஷ் காய்'னுதான் சொன்னாங்க. இன்னிக்கும் சில வீடுகள்ல திவசத்துக்கு நாட்டுக்காய் மட்டும்தான் சமைப்பாங்க. உருளைக்கும் கோஸுக்கும் கேரட்டுக்கும் அன்னிக்கு அடுப்புல இடம் கிடையாது.

ஒண்ணை மறந்துடக் கூடாது. சல்லிவன் வந்தப்ப மலை ஒண்ணும் தரிசாக் கிடக்கலை. படகர்கள் சாமை, ராகி, கோதுமை, பார்லி, கீரை விதை, கடுகு, பூண்டு, வெங்காயம்னு பயிர் பண்ணிட்டுத்தான் இருந்தாங்க. எந்தச் சரிவுல எப்ப விதைக்கணும், எந்தப் பள்ளத்துல பனி உக்காரும்னு அவங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்கு வந்ததும் அதையும் அவங்க தங்கள் பயிரோட சேத்துக்கிட்டாங்க. விதைதான் புதுசு. பட்டம் பார்க்கிற கண்ணு ஏற்கெனவே அங்க இருந்தது.

குளிரைக் கொண்டுவரலாம், பகலைக் கொண்டுவர முடியாது

இங்கிலாந்துல வசந்தம்னா என்ன? குளிர்காலம் முடிஞ்சு மார்ச்சுல மண்ணு சூடேற ஆரம்பிக்கும். அதோட பகல் நீளும். லண்டன்ல டிசம்பர் மாசம் பகல் எட்டு மணி நேரத்துக்குக் கிட்ட, ஜூன்ல பதினாறு மணி நேரத்துக்கு மேல. அந்த ஊர்ச் செடிக்கு வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்துதான் 'எந்திரி, பூ எடு, கிழங்கு கட்டு'னு சேதி சொல்லும்.

ஊட்டி கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல இருக்குது. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6 டிகிரிக்கு மேல வெப்பம் குறையும். மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள்ள. அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம். குளிர் கிடைச்சாச்சு. ஆனா மலை எவ்வளவு உசரமா இருந்தாலும் அது நிக்கிறது நம்ம அட்சரேகையிலதான். ஊட்டியில வருசத்துல ரொம்பச் சின்னப் பகல் பதினொன்றரை மணி நேரம், ரொம்பப் பெரிய பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் ஏற்ற இறக்கம்.

இது சின்ன விஷயமில்லைங்க. ஐரோப்பாவோட பெரிய வெங்காய ரகங்கள் பல, பதினாலு மணி நேரத்துக்கு மேல பகல் இருந்தாத்தான் காய் கட்டும். அந்த விதையை ஊட்டியில போட்டா தாள் மட்டும் செழிப்பா வரும், அடியில ஒண்ணும் இருக்காது. ஆப்பிளுக்கு வேற பிரச்சினை. குளிர்காலத்துல நல்லாத் தூங்கி எந்திரிச்சாத்தான் ஒழுங்காப் பூக்கும். ஊட்டிக் குளிர் அதுக்கு அரைத் தூக்கந்தான். அதனாலதான் இங்க ஆப்பிள் காஷ்மீர் மாதிரி வரலை. குறைஞ்ச குளிரே போதும்னு இருக்கிற பிளம்ஸ், பீச், பேரி நல்லா ஒட்டிக்கிச்சு.

நம்ம பஞ்சாங்கத்தையும் பாருங்க. இளவேனில்னா சித்திரையும் வைகாசியும். இங்கிலாந்துக்காரன் மார்ச்சுல வசந்தம்னு மண்வெட்டியைத் தூக்கறப்ப நமக்குப் பின்பனி முடியலை. நம்ம இளவேனில் வர்றப்ப மேட்டுப்பாளையத்துல கத்திரி வெயில், நாய்கூட நிழலை விட்டு நகராது. அக்கா வீட்டுலயோ அப்பத்தான் கோடை மழை பேஞ்சு பீன்ஸ் கொடி ஏறும். பேரு ஒண்ணு, மாசமும் ஒண்ணு, மண்ணுல நடக்கறது வேற வேற.

மூணு ரூபாய் சந்தா

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் எல்லாருக்கும் தெரியும். மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அள்ளும். ஆனா அது காய்கறித் தோட்ட யோசனையில இருந்து வந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

1840-கள்ல ஊட்டியில இருந்த வெள்ளைக்காரங்களுக்குக் காய் கிடைக்கறது பெரிய பாடு. அவங்க ஒண்ணு சேர்ந்து, மாசம் மூணு ரூபா சந்தா கட்டறதுன்னும், பொதுவா ஒரு தோட்டம் போட்டுக் காயைப் பங்கு போட்டுக்கறதுன்னும் முடிவு பண்ணினாங்க. இன்னிக்கு நகரத்துல 'கூட்டுத் தோட்டம்'னு புதுசா பேசறாங்களே, அதேதான். நிர்வாகமும் சரியில்லை, காசும் பத்தலை, தோட்டம் படுத்துடுச்சு.

அதுக்கப்புறம் 1847-ல, சென்னை கவர்னரா ட்வீடேல் பிரபு இருந்தப்ப, அரசாங்க உதவியோட பொதுத் தோட்டமா மாத்தற வேலை ஆரம்பமாச்சு. 1848-ல வில்லியம் கிரஹாம் மெக்கைவர் வந்தார். லண்டன் கியூ தோட்டத்துல வேலை பழகினவர். மேல காட்டுச் சரிவு, கீழ சேத்து நிலம். அதைத் திருத்தி, வடிகால் போட்டு, படிப்படியா அடுக்கி, பத்து வருசம் போல உழைச்சு இப்ப நாம பாக்கற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1876-ல சாகற வரைக்கும் அவர் நீலகிரியை விட்டுப் போகலை.

எனக்கு இதுல முக்கியமாப் பட்டது ஒண்ணு. அந்தத் தோட்டமே ஒரு சரிவு. அடிவாரத்துல பனி உக்காரும், மேல போகப்போகக் குறையும். குளிர்ந்த காத்துக்குக் கனம் அதிகம். மேகமில்லாத ராத்திரியில மண்ணு சூட்டை வானத்துக்கு விட்டுட்டுக் குளிரும். அந்தக் குளிர் காத்து தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துக்கு இறங்கும். அதனால ஒரே ஊர்ல, ஒரே ராத்திரியில, பள்ளத்துத் தக்காளி கருகும், மேட்டுத் தக்காளி தப்பிக்கும். படகர் ஹட்டிகள் பெரும்பாலும் சரிவுலயும் மேட்டுலயும் இருக்கறதைக் கவனிச்சிருப்பீங்க. வீட்டை ஒட்டின கீரைப் பாத்திக்கு அது எவ்வளவு பாதுகாப்புன்னு எங்க அக்காவோட கருகின நாற்றைப் பார்த்த பின்னாடிதான் எனக்கு உறைச்சுது. அக்கா வீடு பள்ளத்துல.

இறங்க இறங்க வேற தோட்டம்

ஊட்டியில எல்லாத்தையும் வளர்க்க முடியாதுன்னு தெரிஞ்ச பின்னாடி அவங்க செஞ்சதுதான் புத்திசாலித்தனம். செடியைக் குளிருக்குப் பழக்கறதை விட்டுட்டு, செடிக்குப் பிடிச்ச உசரத்தைத் தேடி இறங்கினாங்க.

குன்னூர், 1,800 மீட்டர் பக்கம். 1874-ல அங்க சிம்ஸ் பூங்கா வந்தது. ஊட்டி அளவுக்கு உறைபனி அங்க விழாது. 1920-ல பழப்பண்ணை ஆரம்பிச்சாங்க. பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன் எல்லாம் அங்க பழகின மரங்கள். வருசா வருசம் மே மாசத்துல பழக் கண்காட்சி நடக்கறதும் சிம்ஸ் பூங்காவுலதான்.

இன்னும் இறங்கினா பர்லியாறு, சுமார் 800 மீட்டர். அங்க இருந்த சோதனைத் தோட்டம் 1871-ல அரசாங்கத்துக்கு வந்தது. பனிங்கற பேச்சே கிடையாது. ஈரமும் நிழலும் அதிகம். ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியன், கறிப்பலா எல்லாம் மலாய்ப் பக்கத்துல இருந்தும் தீவுகள்ல இருந்தும் வந்த மரங்கள், சொந்த வீடு மாதிரி நிக்குது. பழம் வர்ற காலத்துல அந்த வளைவுல பஸ்ஸு நின்னா மங்குஸ்தான் பை ஜன்னலுக்கு வரும்.

அதுக்கும் கீழ கல்லாறு, 400 மீட்டருக்குக் கிட்ட. 1900-ல ஆரம்பிச்ச பண்ணை. மலை அடிவாரம், பக்கத்துலயே ஆறு. மங்குஸ்தான் கொட்டை போட்டா காய்க்கப் பத்து வருசத்துக்கு மேல ஆகும். நட்டவங்க காய்க்கறதைப் பார்ப்பமான்னு நினைக்காம நட்டிருக்காங்க. எங்க அப்பாரு சின்னப் பையனா இருந்தப்ப கல்லாறு பண்ணை வேலிக்கு வெளிய விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்ன கதையைச் சொல்லுவார். 'மங்குஸ்தான்'னு பேரு தெரியாது, 'வெள்ளக்காரன் நொங்கு'ம்பார்.

ஊட்டி, குன்னூர், பர்லியாறு, கல்லாறு. நாலும் அம்பது கிலோமீட்டர் ரோட்டுக்குள்ள. நாலுலயும் மாசி மாசம் ஒரே நாள்லதான் பொறக்குது. ஒண்ணுல பனிக்குப் பயந்து நாற்றை மூடி வைப்பாங்க, ஒண்ணுல பிளம்ஸ் பூத்துக் காய் இறங்கும், ஒண்ணுல ஜாதிக்காய் மரம் மழைக்குக் காத்திருக்கும், இன்னொண்ணுல வாய்க்கால் தண்ணி பத்துமான்னு கணக்குப் பார்ப்பாங்க.

1899-ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது. 1908-ல ஊட்டி வரைக்கும் போச்சு. மலைக்காய் கீழ இறங்கறது சுலபமாச்சு. இன்னிக்கு மேட்டுப்பாளையம் மண்டியில ஊட்டி உருளைக்கிழங்குக்குத் தனி விலை, தனி மரியாதை. அப்படித்தான் 'இங்கிலீஷ் காய்' நம்ம வீட்டுப் பொரியலாச்சு.

விதை கொடுக்காத கோஸ்

எங்க பொடக்காலியில நட்ட கோஸ் உருளாததுக்குக் காரணம் வெயில். மலைக்காய்க்கு வந்த ரகம், சித்திரைச் சூட்டுல இலை மேல இலை மூடாது. சமவெளிக்குன்னு வெயில் தாங்கற ரகம் இருக்குது. அதையும் ஆவணி, புரட்டாசியில நாற்று விட்டு, கார்த்திகை, மார்கழிக் குளிர்ல காய் பிடிக்க வைக்கணும்.

காய் வந்தாலும் விதை வராது, அது இன்னொரு சங்கதி. கோஸுக்கு ரெண்டு வருச வாழ்க்கை. முதல் வருசம் உருளும். நல்ல குளிரை வாரக்கணக்குல அனுபவிச்ச பின்னாடிதான் தண்டு நீண்டு பூத்து விதை கட்டும். நம்ம சமவெளியில அந்தக் குளிர் கிடையாது. ரொம்ப காலம் விதை கப்பல்லதான் வந்தது. இரண்டாம் உலகப்போர்ல கப்பல் தடைப்பட்டப்ப விதைக்குத் தவிப்பாயிடுச்சு. அப்பத்தான் குவெட்டா, காஷ்மீர் பக்கம் விதை எடுக்க ஆரம்பிச்சாங்க. பிரிவினையில குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. 1949-ல குலு பள்ளத்தாக்குல காத்ரெய்ன்ங்கற ஊர்ல ஒரு நிலையம் வந்தது. அங்க பனிக்காலம் முழுசா இருக்கறதால கோஸும் டர்னிப்பும் விதை கொடுக்குது.

சுரைக்காயை முத்த விட்டு விதை எடுத்துச் சாம்பல்ல புரட்டி உறியில கட்டின எங்க அம்மிச்சிக்கு இது ஆச்சரியமா இருந்திருக்கும். நம்ம தோட்டத்துல முளைச்ச செடியோட வித்து நம்மகிட்டயே தங்காதுன்னா, ஒவ்வொரு வருசமும் வேற ஊரோட குளிரை நாம விலைக்கு வாங்கறோம்னு அர்த்தம். வாங்கலாம், தப்பில்லை. அந்தப் பாக்கெட்டு எந்தக் குளிருக்குன்னு தெரிஞ்சு வாங்கணும்.

ஒரே கிழங்கை நம்பின கதை

இனிமேதான் கசப்பான பகுதி.

நீலகிரியில உருளைக்கு மூணு போகம். தை, மாசியில தண்ணி வசதியுள்ள பள்ளத்துல போடறது நீர்போகம். சித்திரையில கோடை மழையை நம்பி மேட்டுல போடறது கார்போகம். ஆவணி வாக்குல போடறது கடைபோகம். வடநாட்டுச் சமவெளியில குளிர்காலத்துல ஒரே தடவை வர்ற பயிர் இங்க வருசம் பூரா வந்தது. கொடுத்து வெச்ச மலைன்னு எல்லாரும் நினைச்சாங்க. சாமையும் பார்லியும் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கிடுச்சு. கிழங்கு எடுத்த மண்ணுல திரும்பக் கிழங்கு.

1961-ல ஊட்டிப் பக்கம் கிழங்கு வயல்ல ஒரு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. உருளைத் தங்க நூற்புழுன்னு பேரு. வேர்ல கடுகுலயும் சின்னதா மஞ்சள் முத்து மாதிரி ஒட்டியிருக்கும். ஐரோப்பாவுல இருந்து வந்த விதைக்கிழங்கோட வந்திருக்கும்னு கருதறாங்க. அந்த முத்துக்குள்ள இருக்கிற முட்டை, மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உசுரோட தூங்கும். உருளை வேர் கசியற சாறு பட்டாத்தான் முழிக்கும். மூணு போகமும் கிழங்கு போட்டா அதுக்குப் பட்டினின்னே ஒண்ணு கிடையாது. பூச்சி வந்தது வெளியில இருந்து. ஆனா அதுக்குத் தினமும் சோறு போட்டது நாமதான்.

அதுக்கப்புறம் நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலத்துக்குப் போகத் தடை வந்தது. முத்தோரையில இருக்கிற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாடுபட்டுது. 1985-ல குஃப்ரி ஸ்வர்ணாங்கற நூற்புழு தாங்கற ரகம் வெளிவந்தது. ஆனா ரகத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு அவங்களே சொன்ன இன்னொரு வழி, பயிரை மாத்துங்கறது. கேரட்டு, கோஸு, பீன்ஸு, பூண்டுன்னு சுழற்றினா முட்டை பொரிக்க வழியில்லாம குறையும். அந்த இடைவெளியில கிழங்கு போட்டுக்கலாம். இப்ப பழைய கிழங்குக் காடு பலது தேயிலையாயிடுச்சு, மிச்சத்துல கேரட்டு நிக்குது. கேரட்டையும் அதே மாதிரி விடாம போட்டா என்ன ஆகும்னு யோசிக்கத்தான் வேணும்.

எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பாட்டியோட பாத்தியைப் போய்ப் பார்த்தேன். மொத்தம் மூணு சென்ட் இருக்கும். ஒரு மூலையில பூண்டு, அடுத்தது கிழங்கு ரெண்டு வரிசை, அதுக்குப் பக்கத்துல பீன்ஸ், வேலி மேல மேரக்காய், ஓரத்துல கீரை விதைக்கு விட்டது. "போன வருசம் கிழங்கு எங்க போட்டீங்க பாட்டி?"ன்னேன். வேற மூலையைக் காட்டினாங்க. "அதுக்கு முந்தி?" இன்னொரு மூலை. "ஏன் மாத்தறீங்க?"ன்னேன். "ஒரே எடத்துல எத்தனை நாள் சாப்பிடும், அதுக்கும் அலுக்காதா?"ன்னாங்க. ஆராய்ச்சி நிலையம் சொன்னதும் பாட்டி சொன்னதும் ஒண்ணுதான்.

இப்ப என்ன போடலாம்?

போன வாரம் சென்னையில இருக்கிற மச்சினன் ஒரு விதைப் பாக்கெட்டு போட்டோ அனுப்பிக் கேட்டான், 'வசந்த காலத்தில் விதைக்கவும்னு போட்டிருக்கு மாமா, இப்ப போடலாமா?'ன்னு. எந்த ஊரு வசந்தம்னு அதுல போடலை. மாடியில நாலு தொட்டி வைக்கறவங்க முதல் வருசம் ஏமாந்து, 'எனக்குக் கைராசி இல்லை'ன்னு விட்டுடறாங்க. ராசியில குத்தமில்லைங்க. மாசம் பார்த்தவங்க இடம் பார்க்கலை. அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இந்த மாசி, பங்குனிக்குச் சொல்றேன்.

ஊட்டி, கேத்தி மாதிரி உசரத்துல இருக்கீங்களா? கேரட்டு, பீட்ரூட்டு, கோஸு, டர்னிப்பு, நூல்கோல் இப்பவே போடலாம், லேசான பனியைத் தாங்கும். உருளை, பீன்ஸ், தக்காளி பனி தாங்காது. உங்க பள்ளத்துல கடைசிப் பனி எப்பன்னு பக்கத்து வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுட்டுப் போடுங்க. சரிவுல இருந்தா கொஞ்சம் முந்தலாம்.

குன்னூர், கோத்தகிரி உசரத்துக்குப் பீன்ஸ், பட்டாணி போடலாம். மேரக்காய்க் கொடியை வேலியில ஏத்தலாம். ஒரு பிளம்ஸோ பேரியோ மரத் தக்காளியோ வீட்டுக்கு ஒண்ணு இருந்தா பேரப்பிள்ளைங்க பேர் சொல்லுவாங்க.

பர்லியாறு மாதிரி ஈரமான நடுமலையில காயை விடக் கிழங்கும் மரமும் நல்லது. சேனை, கருணை, வாழை, மிளகு, பலா. கோடை மழை விழுந்ததும் நடுங்க.

எங்களை மாதிரி அடிவாரத்துலயும் சமவெளியிலயும் இருக்கறவங்க கோஸு ஆசையை ஆவணிக்குத் தள்ளி வைங்க. இப்ப வெண்டை, கொத்தவரை, சுரை, பீர்க்கன், பாகல், வெள்ளரி, தட்டைப்பயிறு, தண்டுக்கீரை. இதெல்லாம் வெயிலைத் தின்னு வளர்ற சாதி. தக்காளி நட்டிருந்தா, ராத்திரியும் புழுங்க ஆரம்பிச்சதும் பூ கொட்டும். பதறி உரம் போடாதீங்க, அது சூட்டுக்குக் கொட்டறது. சாயங்காலம் தண்ணி, வேர்ல மூடாக்கு, மதியத்துக்குக் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான் செய்ய முடியும்.

இந்த வருசமும் அக்காவுக்கு நாற்று கேட்டாங்க. தை முடிஞ்சும் நான் அனுப்பலை. பாட்டியைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். முந்தாநாள் போன் வந்தது. "தம்பி, பாட்டி சொல்லிட்டாங்க. வேலி ஓரத்துப் பேரி மரம் பூ உதிர்ந்துடுச்சாம். இனி பனி இல்லை, குடுத்தனுப்பு."

நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குக் கூடை போகுது.